ஒன்றும் பண்ணாத நாய்

மேகம் கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வந்து, கட்டிலில் சற்று நேரம் படுத்திருந்துவிட்டு, போர்வையை ஈரமாக்கிவிட்டுப் போகிற மலையூர் ஒன்று இருக்கிறது. சேலத்திலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் சாலையில், காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் திறந்துகொள்ளும் இடத்தைத் தாண்டினால், காப்பிச் செடிகளுக்கு நடுவே வெள்ளைக்கல்மேடு என்று எழுதிய பலகை தெரியும். அந்த ஊரில் விருந்தாளிகளுக்கு அறை வாடகைக்கு விடாத வீடு கிடையாது. நாயோ பூனையோ சேவலோ வளர்க்காத வீடும் கிடையாது. ஆகவே ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. கீழேயிருந்து யாராவது தொலைபேசியில் அழைத்து, வெந்நீர் வருமா, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று கேட்டு முடித்ததும், வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்புறம் நம்ம வீட்டுல ஒரு நாய் இருக்குதுங்க" என்று தொடங்குவார். தொடங்கிய மூச்சு தீர்வதற்குள், "ஆனா ஒண்ணும் பண்ணாது" என்று முடித்துவிடுவார்.

அந்த ஊரில் இதை எல்லாரையும் விட நன்றாகச் சொன்னவர் தீர்த்தகிரி. அவர் முன்பு ஒரு சின்ன மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்தவர். தோட்டத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு ஊசி போட்டே தலை நரைத்தவர். ஊசியைக் கண்ட பிள்ளையின் முகம் எப்படி இறுகும் என்பதும், எந்தச் சொல்லைச் சொன்னால் அது தளரும் என்பதும் அவருக்குத் தெரியும். முதலில் முகம், பிறகுதான் மருந்து என்பது அவருடைய தொழில்முறை. "வலிக்காது கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரி" என்பார், முகம் தளரும், அந்த நொடியில் குத்திவிடுவார். வலிக்கத்தான் செய்யும். ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். ஓய்வு பெற்றபின் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார். விருந்தாளிகளோடு பேசுவது அவர் வேலை, சமைப்பது அவருடைய மனைவி பாவாயியின் வேலை.

அவர்கள் வீட்டு நாயின் பெயர் பொரி. பழுப்பு உடம்பில் யாரோ ஒரு கை பொரியை அள்ளி இறைத்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள் இருந்ததால் அந்தப் பெயர். பெட்டை. காப்பி மூட்டைக்குள் குட்டியாகக் கிடைத்தது. அந்த வீட்டில் பிள்ளைகள் கிடையாது. ஆனால் பொரியைப் பிள்ளை என்று பாவாயி ஒருநாளும் சொன்னதில்லை. நாயைப் பிள்ளை என்று கொஞ்சுகிற விருந்தாளிகளைப் பார்த்தால் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வருவாள். "நாயை நாயாத்தான் வளக்கறேன், என்னை அதுக்குத் தெரியும், அதை எனக்குத் தெரியும், அவ்வளவுதான்" என்பாள். அந்த அவ்வளவு என்பது எவ்வளவு என்றால், பாவாயி சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும் பேருந்து மூன்று வளைவுகளுக்குக் கீழே இருக்கும்போதே பொரி எழுந்து நிற்கும். அதே மாதிரிப் பேருந்துகள் எத்தனையோ ஏறி இறங்க, அவள் இல்லாத பேருந்துக்கு அது காதைக்கூட நிமிர்த்தாது. நிறுத்தத்தில் அவள் இறங்கியதும் பையின் ஒரு காதை வாயில் கவ்விக்கொண்டு, பையைத் தூக்குகிறோம் என்ற நினைப்பில் கீழே இழுத்து, அவளை இன்னும் சிரமப்படுத்தியபடி வீடுவரை கூட வரும். "விடுடி, முட்டை உடையப் போகுது, மூதேவி" என்று திட்டிக்கொண்டே பாவாயி ஏறுவாள். ஊர்க்காரர்கள் அந்தத் திட்டைக் கேட்டுத்தான் சாயங்காலம் ஆகிவிட்டது என்று அடுப்புப் பற்றவைப்பார்கள்.

மழை முடிந்து விருந்தாளிகள் வரத் தொடங்கிய ஒரு நாள், கரூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பொரி வாசலில் நின்று குரைத்தது. காருக்குள்ளிருந்த சின்னப் பெண் இருக்கைமேல் ஏறி நின்று அலறினாள். தீர்த்தகிரி குடையோடு ஓடிப்போய், கண்ணாடி வழியாகக் குனிந்து, "குரைக்காது கண்ணு. இந்த நாய் குரைக்கவே குரைக்காது" என்றார். அந்தப் பெண்ணின் முகம் தளர்ந்தது. அவருக்குப் பின்னால் பொரியின் வாய் திறந்து மூடியது, திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

பாவாயி மிளகைத் தட்டிப் போட்டுப் பொரிக்கு வெந்நீர் கொடுத்தாள். தீர்த்தகிரி டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். தொண்டை சுத்தமாக இருந்தது. "குளிருக்குக் கட்டியிருக்கும்" என்றார். பொரி அதற்குப் பிறகு குரைக்கவில்லை.

இது ஒரு வீட்டில் மட்டும் நடந்திருந்தால் ஊர் அதைப் பற்றிப் பேசியிருக்கும். எல்லா வீட்டிலும் நடந்ததால் டீக்கடையில் விலைவாசிக்கும் மழைக்கும் நடுவே பேசுகிற விஷயமாக ஆகிவிட்டது.

"ஒன்பது மணிக்கு முன்னால சேவல் கூவாதுன்னு ஒரு திருச்சிக்காரர்கிட்டச் சொன்னேன்" என்றார் எதிர்வீட்டுக் கோவிந்தராசு. "மறுநா விடிஞ்சு, நான் தோட்டத்துக்குப் போயி, திரும்பி வந்து இட்லி தின்னுக்கிட்டிருக்கேன், அப்பத்தான் கூவுது. கூவிட்டு என்னை ஒரு பார்வை பாத்துது பாருங்க, சூரியனை நாந்தான் கெடுத்துப்புட்டேங்கற மாதிரி."

"என் பூனை முடி கொட்டாதுன்னு நான் சொல்லிட்டேன்" என்றாள் ஸ்டெல்லா டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவள், தேவாலயத்துக்குப் பக்கத்து வீடு. "இப்பப் போன வருஷத்து முடி, இந்த வருஷத்து முடி எல்லாம் அது மேலேயே இருக்கு. தலகாணி நடந்து வர்ற மாதிரி வருது."

"எலி புடிக்குதா டீச்சர்?"

"ஒரு பொண்ணு கேட்டா, எலியைக் கொல்லுமா ஆன்ட்டின்னு. பாவம், கண்ணு கலங்கிட்டா. கொல்லாதும்மான்னுட்டேன்."

"அப்ப எலி?"

"எலி பூனையோட தட்டுலதான் சாப்பிடுது."

டீக்கடை சிரித்தது. சிரித்துவிட்டு, நெல் எந்தக் காலத்தில் விதைத்தால் முளைக்கும் என்று பார்ப்பதுபோல், இந்தச் சொல் எப்படிச் சொன்னால் பிடித்துப் பலிக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். தனியாக இருக்கும்போது சொன்னால் பிடிக்கவில்லை. ஊர்க்காரரிடம் சொன்னால் பிடிக்கவில்லை. விருந்தாளியிடம் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு விருந்தாளியின் முகம் தளர வேண்டும். தளர்ந்த கணமே, இல்லை என்று சொன்ன குணம் அந்தப் பிராணியை விட்டுப் போய்விடும். சேவலுக்குப் பழைய நேரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கோவிந்தராசு, "எங்க சேவல் அஞ்சு மணிக்கே கூவும்ங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தார். அவர்களுடைய முகம் இன்னும் இறுகியதே தவிர, சேவல் ஒன்பது மணியை விட்டு அசையவில்லை. எடுப்பதற்குத்தான் முகங்கள் தளர்ந்தன, கொடுப்பதற்கு ஒரு முகமும் தளரவில்லை.

மாரியம்மன் கோயில் பூசாரி, மனிதருக்கு ஒன்றும் ஆகாதவரை அம்மனுக்கு ஆட்சேபம் இருக்காது என்றார். பாதிரியார் சிந்தித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, தம் கிளி கெட்ட வார்த்தை பேசாது என்று வெளியூரிலிருந்து வந்த கன்னியாஸ்திரீகளிடம் சொன்னார். ஊர்ச் சங்கம் கூடி, பிராணிகளின் தொந்தரவில்லாத ஊர் என்று சாலையோரம் பலகை வைத்தது. பசுக்கள் கத்தவில்லை. வாத்துகள் யாரையும் துரத்தவில்லை. விருந்தாளிகள் வந்து நின்று, என்ன அமைதி, என்ன அமைதி என்று ஒருவரிடம் ஒருவர் தாழ்ந்த குரலில் சொல்லி, அமைதியைப் படம் எடுக்க முயன்று, மேகத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பொரி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மேலே தாவுமா என்று ஈரோட்டுக்காரர் கேட்டார், தாவாது என்றார் தீர்த்தகிரி, பொரியின் பின்னங்கால்கள் தாவுவதை விட்டன. நக்குமா என்று நாமக்கல்காரர்கள் கேட்டார்கள், நக்காது என்றார், பொரியின் நாக்கு தண்ணீர் குடிப்பதற்கு மட்டும் ஆனது. வாடை அடிக்குமா என்று ஒருவர் கேட்டார், அடிக்காது என்றார், மழையில் நனைந்து வந்து நின்றாலும் பொரியிடம் பொரியின் வாடை இல்லை. வீட்டுக்குள் வருமா என்று ஒருவர் கேட்டார், வராது என்றார், அன்றிலிருந்து பொரியால் நிலைப்படியைத் தாண்ட முடியவில்லை. பாவாயி அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாலும், கீழே விட்டுக் கண்ணை மூடித் திறப்பதற்குள் அது வெளியே முற்றத்தில் நின்றது.

"இன்னும் என்னத்த எடுக்கப் போறீங்க?" என்று பாவாயி கேட்டாள்.

"நான் என்ன புள்ள பண்ணட்டும்? பயந்துக்கிட்டு நிக்கறவங்ககிட்டக் கடிச்சு வெச்சிரும்னா சொல்ல முடியும்?"

"கடிக்காதுன்னு சொல்லுங்க. அதோட வாயை மூடுங்க. ஊசி போட்ட பொறவும் பஞ்சு வெச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருக்கற பழக்கம் உங்களுக்கு."

தீர்த்தகிரி சிரித்தார். அவருக்குத் தன் தொழிலைப் பற்றி யார் கேலி செய்தாலும் பிடிக்கும். இனிமேல் கடிக்காது என்பதோடு நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார். மனதாரத்தான் சொன்னார்.

அடுத்த வாரம் பாவாயி சேலத்துக்குக் கண் பரிசோதனைக்குப் போயிருந்தாள். அன்று வந்த விருந்தாளி ஒரு பெரிய கம்பெனியில் காவல் பிரிவில் இருப்பவர், நாய்களைப் பற்றித் தெரிந்தவர். அவர் காரிலிருந்து இறங்காமலே, "சார், குரைக்காத நாயைத்தான் நம்பக் கூடாது. வீட்டு ஆளுக்கும் வெளி ஆளுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச நாய்னா எப்பவாவது ஒருநாள் காட்டிடும்" என்றார். அவருடைய முகம் மிகவும் இறுகியிருந்தது. தீர்த்தகிரி நிறுத்திக்கொள்ளத்தான் பார்த்தார். ஆனால் அந்த முகம் அவர் முன்னால் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளையின் முகமாக இருந்தது.

"வித்தியாசமெல்லாம் தெரியாதுங்க" என்றார். "பொரிக்கு எல்லாரும் ஒண்ணுதான்."

காவல் பிரிவுக்காரர் காலைக் கீழே வைத்தார்.

சாயங்காலம் பேருந்து மூன்று வளைவுகளுக்குக் கீழே வந்தபோது பொரி எழுந்திருக்கவில்லை. பாவாயி பையைத் தானே சுமந்துகொண்டு மேலேறி வந்தாள். அன்று ஊரில் பல வீடுகளில் அடுப்பு தாமதமாகத்தான் எரிந்தது. அவள் வாசல் கேட்டைத் திறந்ததும் பொரி எழுந்து நின்று, மூன்று தரம் வாலாட்டி, அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. கோவிந்தராசு ஏதோ கேட்க உள்ளே வந்தார். அவருக்கும் மூன்று தரம் வாலாட்டி ஒதுங்கி நின்றது. காவல் பிரிவுக்காரர் உலாவப் போனார். அவருக்கும் மூன்று.

பாவாயி பையோடு முற்றத்திலேயே நின்றாள். கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். பொரி தின்றது, மூன்று தரம் வாலாட்டியது. அவள், "விடுடி மூதேவி" என்று சொல்லிப் பார்த்தாள். பையை யாரும் பிடித்திருக்கவில்லை.

"விருந்தாளியை வாங்க வாங்கன்னு கூப்பிடற மாதிரி எனக்கு வாலாட்டறா அவ" என்றாள் கணவரிடம். "எங்கிட்ட அவளுக்கு எப்ப இருந்துச்சுங்க இந்த மரியாதை?"

நடந்ததைத் தீர்த்தகிரி சொன்னார். பாவாயி கத்தவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, "திருப்பிக் கொண்டாங்க" என்றாள். "எப்படியோ திருப்பிக் கொண்டாங்க. குரல் வேண்டாம், தாவ வேண்டாம், எதுவும் வேண்டாம். என்னைத் தெரியணும். அது மட்டும் போதும்."

அதற்கு ஒரே வழிதான் இருந்தது, அது ஊருக்கே தெரியும். அந்த நாய்க்கு அவளைத் தெரியும் என்று ஒரு விருந்தாளியிடம் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு அந்த விருந்தாளியின் முகம் தளர வேண்டும். தீர்த்தகிரி வருகிற எல்லாரிடமும் சொன்னார். "அப்ப எங்களைத் தெரியாதுன்னும் கண்டுபிடிச்சிருமே சார், கட்டிப் போட்டுடுங்க" என்றார்கள். விருந்தாளிகளோடு பேசிப் பழக்கமில்லாத பாவாயி, சாப்பாட்டு மேசையருகே நின்று முந்தானையைத் திருகிக்கொண்டு, "எம் நாய்க்கு என்னை நல்லாத் தெரியும்ங்க" என்று சொல்லிப் பார்த்தாள். "அப்படியா ஆன்ட்டி, சூப்பர். ரசம் இருக்கா?" என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஒரு நாய்க்கு அதன் வீட்டுக்காரியைத் தெரிய வேண்டும் என்ற ஆசையோடு அந்த மலைக்கு ஏறி வருகிறவர் யாருமில்லை, அவ்வளவுதான். அறையை மூடிவிடலாம் என்றால் சாப்பாட்டுக்கு வேறு வழியில்லை. தவிர, விருந்தாளியே வராவிட்டால் சொல்லைப் பிடிக்கவைக்க ஆள் ஏது? ஆகவே பாவாயி ஒவ்வொரு கார் வரும்போதும் கதவோரம் நின்று, இறங்குகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"வேற நாய் வாங்கிக்கலாமே பாவாயி" என்றாள் ஸ்டெல்லா டீச்சர்.

"இருக்கறப்ப எதுக்கு டீச்சர் வேற?"

"அதான் நானும் சொல்றேன். இருக்குதே. செத்தா போச்சு? திங்குது, தூங்குது, வாலாட்டுது."

ஒரு நாய் செத்தால் வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்து, நல்ல நாய் என்று சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் அந்த ஊரில் உண்டு. இருக்கிற நாய்க்காக அழுகிறவளுக்கு ஆறுதல் சொல்லும் வழக்கம் இல்லை. ஆகவே யாரும் வரவில்லை. பாவாயிக்கும் யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

பனிக்காலத்தில் சிறுத்தை வந்தது. எப்போதும் அது சோலைக்காட்டிலிருந்து ஊரை எட்டிப் பார்க்கும். ஊர் நாய்களெல்லாம் ஒரே குரலில் கத்தும். அது திரும்பிப் போய்விடும். இப்போது கத்துவதற்கு நாய் இல்லை. முதலில் ஆடுகள் போயின, பிறகு நாய்கள். "சிறுத்தையெல்லாம் இந்தப் பக்கம் வராதுங்க" என்று எல்லா வீட்டிலும் விருந்தாளிகளிடம் சொன்னார்கள், விருந்தாளிகளின் முகங்களும் தளர்ந்தன. ஆனால் சிறுத்தை யார் வீட்டிலும் வளர்வது அல்ல. அதை எந்தச் சொல்லும் பிடிக்கவில்லை. பகலிலேயே, மேகம் இறங்கிய நேரம் பார்த்து, சந்தைக்கு வருகிறவர்போல் நடந்து வந்தது.

தீர்த்தகிரி வீட்டு முற்றத்துக்கும் ஒரு நாள் வந்தது. பாவாயி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். காப்பிச் செடிகளுக்கு நடுவிலிருந்து அது தலையை நீட்டியபோது, பொரி எழுந்து நின்று, மூன்று தரம் வாலாட்டி, அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது.

பாவாயி கையிலிருந்த குண்டாவை எறிந்தாள். பிறகு வாளியை எறிந்தாள், பிறகு தன் குரலை எறிந்தாள். அவளுக்குள் அவ்வளவு குரல் இருந்தது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. சிறுத்தை போய்விட்டது. போகும்போது திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

அன்று தொட்டு பாவாயி பொரிக்குச் சங்கிலி போட்டாள். மறுமுனையைத் தன் இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். பொரியால் வீட்டுக்குள் வர முடியாததால் அவள் வெளியே வந்தாள். காப்பிக் கொட்டை உலர்த்துகிற, நான்கு தூணும் தகரக் கூரையும் மட்டும் உள்ள கொட்டகையில் கட்டிலைப் போட்டுக்கொண்டாள். அங்கேயே காய் நறுக்கினாள், அங்கேயே சாப்பிட்டாள். கூண்டு செய்து தருவதாகத் தீர்த்தகிரி சொன்னார்.

"அதுக்கு என்னைத் தெரியற அன்னிக்கு, கம்பிக்கு அந்தப் பக்கம் நானா நிக்கறது?" என்றாள். "நீங்க போயி ஆளைக் கொண்டாங்க. ஒரு நல்ல முகமாக் கொண்டாங்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்."

அவள் இளைத்துப்போனாள். பொரி அவள் காலடியில் படுத்திருந்தது. அவள் தொட்டால் மூன்று தரம், தொடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பத் தொட்டால் மறுபடி மூன்று தரம்.

அந்த நல்ல முகம் தை மாதத்தில் வந்தது.

புதிதாகத் திருமணமான ஒரு பெண், மதுரைக்காரி, செந்தாமரை என்று பெயர்; கணவனோடு வந்தாள். கணவன் வந்ததும் படுத்துத் தூங்கிவிட்டான். அவள் மத்தியானம் பின்முற்றத்தில் உட்கார்ந்து, கொட்டகையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பாவாயியையும், சங்கிலியையும், பொரியையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, முன்வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தீர்த்தகிரியிடம் வந்தாள்.

"அங்கிள், அது ஆன்ட்டியோட நாய்தானே?"

"ஆமாம்மா."

"ஆன்ட்டி எவ்வளவு நேரமாத் தடவிக்கிட்டே இருக்காங்க. அது அவங்க முகத்தைக்கூடப் பாக்க மாட்டேங்குது. அதுக்கு அவங்களைத் தெரியாதா அங்கிள்?"

தீர்த்தகிரியின் கையிலிருந்த போர்வை நழுவியது. அவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அது இறுகியிருந்தது, ஆனால் பயத்தால் அல்ல. தெரியும் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த முகம் தளர்ந்துவிடும். இத்தனை காலமாகப் பாவாயி கதவோரம் நின்று தேடிய முகம், தானாகவே நடந்து வந்து கேட்கிறது. தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் செந்தாமரையின் கண்கள் நிறைந்துவிட்டன. "பாவமா இருக்கு அங்கிள். ஆன்ட்டி அழுதிருக்காங்க, முகமெல்லாம் வீங்கியிருக்கு. எனக்கு என்னமோ..." என்றாள். அவளுடைய உதடு, ஊசியைக் கண்ட பிள்ளையின் உதடுபோலக் கோணியது.

நாற்பது வருடமாக ஒரு வேலையைச் செய்த நாக்கு அது. அவர் நினைப்பதற்கு முன்னால் அது போய்விட்டது.

"ஐயோ, நீ கலங்காத கண்ணு. அவளுக்கு அதுல வருத்தமே இல்ல. ஒரு வருத்தமும் இல்ல. சந்தோசமாத்தான் இருக்கா."

செந்தாமரை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய முகம் தளர்ந்தது.

கொட்டகையில் சங்கிலி கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"தெரியும்" என்றார் தீர்த்தகிரி. "அதுக்கு அவளைத் தெரியும்மா. நல்லாத் தெரியும். அவ பஸ்ஸுல வர்றப்பவே தெரியும். கேக்கறியா? தெரியும்."

"சரி அங்கிள்" என்று செந்தாமரை சிரித்தாள். அவளுடைய முகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. தளர்ந்த முகத்தில் இன்னொரு முறை தளர இடமில்லை. அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினாள்.

பாவாயி வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கூந்தலை அள்ளி முடிந்திருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு நிமிர்ந்து நடந்தாள்.

"ஏனுங்க, மேகம் எறங்குது, துணியை எடுத்துருங்க. கண்ணு, உனக்கு வெங்காய பஜ்ஜி புடிக்குமா, வாழைக்காயா?"

"பாவாயி" என்றார் அவர். "பொரி?"

"அங்கதான் கெடக்குது."

"சங்கிலி?"

"எதுக்குங்க சங்கிலி? கை வலிக்குது" என்று மணிக்கட்டைக் காட்டினாள். தோல் உரிந்திருந்தது. அவள் எதையும் மறக்கவில்லை. சிறுத்தை நினைவிருந்தது, பேருந்து நிறுத்தம் நினைவிருந்தது, திருப்பிக் கொண்டாங்க என்று சொன்னது நினைவிருந்தது. போன வருடம் பெய்த மழையை நினைவு வைத்திருப்பதுபோல் வைத்திருந்தாள். "அதுக்கு என்னைத் தெரியாட்டி என்ன? எத்தனை நாயிக்கு என்னைத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். உள்ளேயிருந்து அவள் பாட்டு முனகுவது கேட்டது.

தீர்த்தகிரி கொட்டகைக்குப் போனார். பொரி அவருக்கு மூன்று தரம் வாலாட்டியது. சங்கிலியை எடுத்துத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, ஒரு தடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மேகம் காப்பிச் செடிகளின் அடிவழியாக ஊர்ந்து வந்தது. இனி இந்த நாயைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. தான் இருக்கும்வரை அதை விடப்போவதில்லை என்பதும், இன்னொரு முகம் வரும்வரை, அது எத்தனை வருடமானாலும், இங்கேயே உட்கார்ந்திருக்கப் போகிறோம் என்பதும், அந்த முகம் வரும்போது தெரியும் என்ற ஒரே சொல்லைத் தவிர வேறு எதையும் சொல்லாமலிருக்க நாக்கைப் பழக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. அந்த ஒரே சொல்லுக்கு அதைப் பழக்கத் தொடங்கினார். "தெரியும். தெரியும். தெரியும்" என்று மேகத்தைப் பார்த்துச் சொன்னார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து மீசைக்குள் இறங்கியது.

"அங்கிள்!" என்று பின்கதவிலிருந்து செந்தாமரை கூப்பிட்டாள். ஒரு கையில் பஜ்ஜி இருந்தது. மேகத்துக்குள் அவளுக்கு அவருடைய உருவம் மட்டும்தான் தெரிந்தது. பக்கத்தில் தடி வைத்திருந்த உருவம். அவள் குரல் பயந்திருந்தது. "ஏன் அங்கிள் அங்கேயே உக்காந்திருக்கீங்க? ஏதாவது இருக்கா அங்க? உங்களுக்கு ஏதாவது பிரச்சினையா?"

அவர் பற்களைக் கடித்துக்கொண்டார். மேகம் ஒரு கணம் விலகி, அவளுடைய முகம் தெரிந்தது. இறுகியிருந்தது.

"எனக்கென்ன கண்ணு பிரச்சினை? ஒண்ணும் இல்ல" என்றார். "சும்மாதான் உக்காந்திருக்கேன்."

"அப்பாடா" என்றாள் செந்தாமரை.

தீர்த்தகிரி தன் மணிக்கட்டில் சுற்றியிருந்த சங்கிலியைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த தடியைப் பார்த்தார். குளிரில் எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கு விளங்கவில்லை. கன்னம் ஈரமாக இருந்தது. பனி என்று துடைத்துக்கொண்டார். சங்கிலியைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். எழுந்து, முட்டியைத் தேய்த்துவிட்டு, பஜ்ஜி வாசனை வந்த பக்கம் நடந்தார்.

"சூடா இருக்கறப்பவே வாங்க" என்று பாவாயி உள்ளிருந்து கூப்பிட்டாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே மூன்று பேர் எதற்கோ சிரித்தார்கள்.

மேகம் முற்றத்தை மூடியது. காப்பிச் செடிகள் ஒரு வரிசை அசைந்தன, பிறகு அதற்கு அடுத்த வரிசை அசைந்தது. பொரி எழுந்து நின்று வாலாட்டத் தொடங்கியது.